அம்மன் நின்ற வாசலும் ஒரு பத்து ஆம்பியர் பியூஸும்

இது என் இடது முழங்காலில் ஆரம்பித்தது. கிளட்சை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் அது எண்ணெய் காணாத கதவு மாதிரி சத்தம் போட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “வண்டி ஓட்டறதைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்றார். வயலுக்கும் கீழ்வேளூர் கடைத்தெருவுக்கும் நடுவே உர மூட்டையையும் டீசல் கேனையும் ஏற்றிக்கொண்டு அலைவதுதான் என் விவசாயத்தில் பெரும்பகுதி. மிச்சம், மழையைப் பற்றி விசாரிப்பது. வண்டியைக் குறைத்தால் விவசாயமே குறைந்துவிடும். ஆகவே கிளட்சைக் குறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். படித்தவன் எடுக்கிற முடிவுகள் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

திருவாரூரில் எனக்குப் பழக்கமான துணிக்கடை பாய் ஒருவர், துபாயிலிருந்து லீவில் வருகிற மகன் ஓட்டுவதற்கென்று ஒரு ஆட்டோமேட்டிக் பிக்கப் வாங்கி வைத்திருந்தார். மகன் லீவில் வருவதை நிறுத்திவிட்டான். வண்டி கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது.

“கியரை நீங்க தொடவே வேணாம் சார், அதுவே மாத்திக்கும்” என்றார் பாய். “நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். இடது காலை வீட்டுல வெச்சிட்டு வந்துடணும்.”

இடது காலை வீட்டில் வைத்துவிட்டு வருவது அவர் சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. ஆயுசு முழுக்கக் கிளட்சை மிதித்த கால், பாலத்து மேட்டைக் கண்டால் தானாக நீளும். அங்கே கிளட்ச் இருக்காது. அகலமான பிரேக் இருக்கும். அதைக் கிளட்ச் என்றே நம்பி முழுப் பலத்தோடு மிதிக்கும். முதல் வாரம் ஒவ்வொரு வாய்க்கால் பாலத்திலும் முன் கண்ணாடிக்கு நான் நெற்றியால் வணக்கம் வைத்தேன். பின்னால் டூவீலரில் வந்தவர்கள் எனக்கு வைத்தது வணக்கம் அல்ல.

கியர் ஆயில் மாற்றலாம் என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே தலையை விட்டுக் கீழே பார்த்து, “கிளட்ச் பெடலைக் கழட்டி எங்க சார் வெச்சீங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு, “அப்ப இதைத் தஞ்சாவூர் கொண்டு போயிடுங்க” என்றார். தஞ்சாவூரில் திருச்சி என்றார்கள். திருச்சியில், “சென்னையில காட்டிப் பாத்தீங்களா?” என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள், தீராத வியாதிக்காரனின் சொந்தக்காரனிடம் கேட்பது போல. இத்தனைக்கும் வண்டியில் அப்போது ஒரு கோளாறும் கிடையாது.

வேறு வழியில்லாமல், வண்டியோடு வந்த கையேட்டை நானே படித்தேன். அதை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் இந்த டெல்டாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இலக்கியமாகப் பார்த்தால் சுமார். ஆனால் ஒரு பகுதி மனசில் நின்றுவிட்டது. கியர் கம்பியை ‘பி’ என்ற இடத்தில் நிறுத்தினால், கியர் பெட்டிக்குள் ஒரு பல் விழுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். அங்கிருந்து எடுக்கவேண்டுமானால் பிரேக்கை மிதிக்க வேண்டும். நாம் மிதித்தது வண்டிக்கு எப்படித் தெரியும்? பின்னால் எரிகிற பிரேக் லைட்டின் ஒயர் வழியாகத்தான். அந்த லைட்டுக்கு உண்டான பியூஸ் போய்விட்டால், நீங்கள் பிரேக் மேல் ஏறி நின்றாலும் வண்டி நம்பாது. அவசரத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி. அதை நெம்பி எடுத்து உள்ளே சாவியால் அழுத்தினால் பூட்டு விட்டுவிடும்.

இந்தப் பகுதியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “சரிங்க” என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், அந்த மூடியின் மேல் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பசையைக் கலந்து ஒட்டுகிற வகை ஒட்டு. இரும்பு விட்டாலும் அது விடாது.

“அங்கதான் ஒட்டணுமா?”

“அங்கதாங்க காலியா இருந்துச்சு.”

இனி என் பங்காளியைச் சொல்ல வேண்டும். சித்தப்பா மகன். என்னைவிட ஓரிரு மாதம் முந்திப் பிறந்துவிட்டதால் அண்ணன். குவைத்தில் வெகுகாலம் இதே மாதிரி ஒரு பிக்கப்பில் ஆடுகளை ஏற்றி இறக்கிவிட்டு, இப்போது ஊரோடு வந்து விவசாயம் பார்க்கிறார். அவர் வயலைத் தாண்டித்தான் என் வயலுக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும். போன அறுவடையில் நான் கூட்டிவந்த மிஷின் திரும்பும்போது அவர் வரப்பில் ஒரு முழத்தைத் தின்றுவிட்டது. மிஷின் தின்றதை நானே உட்கார்ந்து தின்றதாக அவர் எடுத்துக்கொண்டார். பேச்சு நின்றது. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்த கையோடு, என் பக்கம் பாய்கிற மடையில் மண் மூட்டைகளை அடுக்கி அடைத்துவிட்டார்.

என் நாற்று நாற்றங்காலில் நின்றுகொண்டே இருந்தது. எங்கள் பக்கம் போரில் வருவது உப்புத் தண்ணீர். குளத்திலிருந்து இறைத்து நாற்றங்காலை மட்டும் உயிரோடு வைத்திருந்தேன். வயலை உழுது சேறாக்க மடைத் தண்ணீர் வேண்டும். அது வருவதற்குள் நாற்று முற்றிவிட்டால் அப்புறம் அது நாற்றில்லை, மாட்டுத் தீவனம். நுனி ஏற்கெனவே மஞ்சளடிக்க ஆரம்பித்திருந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து மடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சொந்தக்காரங்கதானே, ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க சார்” என்று போய்விட்டார். நாங்கள் பேசிக்கொள்ளாததுதான் தகராறு என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது.

இந்தச் சமயத்தில்தான் ஆடி மாதத்து அம்மன் வீதியுலா வந்தது. சாமி தூக்குகிற தோள்களெல்லாம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கின்றன. ஊரில் மிச்சமிருக்கிற தோள்கள் சர்க்கரைக்கும் டிஸ்க்குக்கும் மாத்திரை சாப்பிடுகின்றன. போன வருஷம் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிப் பார்த்தார்கள். கியர் மாற்றி டிராக்டர் வெட்டி இழுக்கும்போதெல்லாம் அம்மன் முன்னும் பின்னும் ஆட, பூசாரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தார். அதனால் இந்த வருஷம் ஊர் நாட்டாமை என் வீட்டுக்கு வந்தார்.

“உங்க வண்டி கியரே இல்லாம வழுக்கிட்டுப் போவுதாமே.”

“கியர் இருக்குங்க. அதுவே மாத்திக்கும்.”

“அதான் சொல்றேன். அம்மாவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

வண்டியைச் சோடிக்க மைக் செட்காரர் வந்தார். உலா புறப்படுவது மத்தியானம் மூன்று மணிக்கு. ஆடி வெயிலில் எந்த பல்ப் எரிந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் சீரியல் செட் இல்லாமல் சாமி கிளம்புவது இந்த ஜில்லாவில் வழக்கமில்லை. தாமரை, மயில், சுற்றுகிற சக்கரம் என்று அடுக்கியவர், கடைசியில் அம்மன் முகத்துக்கென்று ஒரு போகஸ் லைட்டையும் மாட்டினார்.

“கரண்ட் எங்கேருந்து எடுத்தீங்க?” என்றேன்.

“அதெல்லாம் பாத்துத்தான் சார் எடுத்திருக்கு. சாவியைப் புடுங்கினாலும் எரியும்.”

சாவி இல்லாமலும் கரண்ட் ஓடுகிற லைன்களில் பிரேக் லைட்டும் ஒன்று. இந்தப் பதிலைக் கேட்டதும் கையேடு படித்த ஒருவனுக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்த பூசாரி, “டிரைவர், பாத்துப் போங்க” என்று சொன்னதில் மனசு அந்தப் பக்கம் போய்விட்டது.

முதல் தெரு முழுக்க அருமையாகப் போயிற்று. அதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஓடுகிற கியரான ‘டி’யில் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், வண்டி தானாக நாதஸ்வரக்காரர்களின் நடைக்கு நகரும். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, ‘பி’யில் போட்டு, தீபாராதனை முடிந்ததும் மறுபடி ‘டி’. அம்மன் அசையவே இல்லை. பூசாரி இரண்டு கைகளும் சும்மா இருப்பதைப் பார்த்து வெற்றிலை போட ஆரம்பித்தார்.

இரண்டாம் தெருவில் பங்காளி வீடு. அங்கே மட்டும் ‘பி’யில் போடாமல், பிரேக்கை மிதித்தபடியே நின்று, சூடம் காட்டியதும் நகர்ந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அண்ணி தாம்பாளத்தைக் கொண்டுவரத் தாமதமாயிற்று. முழங்கால் வலித்தது, வலது பக்கம் இப்போது. ‘பி’யில் போட்டேன். மைக் செட்காரர் அதே நேரம் போகஸ் லைட்டைப் போட்டார். அம்மன் முகம் ஒரு வினாடி பளீரென்று தெரிந்தது. பிறகு தாமரை, மயில், சக்கரம் எல்லாம் அணைந்தன.

தீபாராதனை முடிந்தது. பிரேக்கை மிதித்துக் கம்பியை இழுத்தேன். வரவில்லை. இன்னும் அழுத்தி மிதித்து இழுத்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, கம்பி மட்டும் சிமெண்ட் போட்டு நட்டது போல நிற்கிறது.

என் மனைவி பெண்கள் கூட்டத்திலிருந்து ஜன்னல் பக்கம் வந்தாள். “ஏங்க, என்ன பண்ணித் தொலைச்சீங்க? போயும் போயும் இந்த வாசல்லயா?”

“பியூஸ் போயிருக்கு. அந்த மூடியை எடுத்தா சரியாயிடும்.”

இரண்டு பேரும் மூடியைப் பார்த்தோம். மேலே பிள்ளையார் தும்பிக்கையை வளைத்துக்கொண்டு அமைதியாக இருந்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் பீடத்தில் வைத்ததுதான் தாமதம், பின் கண்ணாடி வழியாக பூசாரி பார்த்துவிட்டார்.

“என்ன பண்றீங்க? பிள்ளையைப் பேத்தெடுத்துட்டு ஆத்தாளைக் கிளப்பப் பாக்கறீங்களா? நகருவாளா அவ?”

தர்க்கமாகப் பார்த்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. ஸ்குரூ டிரைவரை உள்ளே வைத்தேன். பாய்க்குப் போன் போட்டேன். “பாய், வண்டி ‘பி’யில மாட்டிக்கிச்சு, வரமாட்டேங்குது.” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது நல்லதுதானே சார், எங்கேயும் உருண்டு போவாது” என்றார்.

இதற்குள் ஊரில் மிச்சமிருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்கள். நின்ற வண்டியைத் தள்ளுவது எங்கள் ஊரில் யாரும் கேட்டுச் செய்கிற உதவி அல்ல, பார்த்தாலே கை வந்துவிடும்.

“தள்ளாதீங்க, பூட்டியிருக்கு, உள்ள பல்லு உடைஞ்சிடும்” என்று கத்தினேன். யார் கேட்டார்கள். ஒரு தம் கட்டித் தள்ளினார்கள். வண்டி முன்னால் ஒரு விரல் அசைந்து, அதே ஒரு விரல் பின்னால் வந்து நின்றது. அம்மன் தலையை லேசாக ஆட்டினாள். தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ஊரே சேர்ந்து தள்ளியும் சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாத வண்டியை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் இறங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, கருகிப்போன பியூஸைப் பிடுங்கி, நாட்டாமை கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். “பாருங்க. இது போயிடுச்சு. அதான் நிக்குது. சீரியல் செட்டைக் கழட்டிட்டு வேற ஒண்ணு போட்டா கிளம்பிடும்.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்பாக, புளியங்கொட்டை அளவுகூட இல்லை.

“இதுக்காகவா நிக்குது, இவ்வளவு பெரிய வண்டி?”

“ஆமாங்க.”

“அதை விடுங்க. அம்மா நின்னிருக்கா. எதுக்கு நின்னான்னு கேக்காம கிளப்பக்கூடாது.”

அவ்வளவுதான், கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வேண்டியவர்கள் சொன்னது: “மடையை அடைச்சவன் வாசலை அம்மா அடைச்சுட்டா. வேறென்ன சொல்லணும்?” பங்காளிக்கு வேண்டியவர்கள் சொன்னது: “ஊரு பூரா தாண்டி வந்து இவரு வாசல்ல நிக்கிறான்னா, நியாயம் இவரு பக்கம்னுதானே?” இரண்டுமே பொருத்தமாக இருந்தன. நடுவில் நான் கையில் பியூஸை வைத்துக்கொண்டு, “அது பிரேக் லைட்டுக்கு உண்டானதுங்க” என்று ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், ரொம்பப் படிச்சவர் என்பது போல ஒரு பார்வை கிடைத்தது. ஒரு அம்மா, வெயில் தலைக்கு ஏறியிருக்கும் என்று எனக்கு நீர்மோர் கொடுத்தார்.

மோரைக் குடித்துவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். அப்போது அண்ணன் வெளியே வந்தார். கூட்டம் வழி விட்டது. நேராக என் ஜன்னலுக்கு வந்து, கம்பியைப் பார்ப்பது போல உள்ளே தலையை நீட்டினார். அந்த அறுவடைக்கப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது:

“பிரேக் லைட்டு பியூஸா?”

அந்தத் தெருவிலேயே என்னை நம்ப ஒரு ஆள். “ஆமாண்ணே.”

“சீரியல் செட்டு லைன்ல சொருகியிருக்கான், முட்டாப் பய. குவைத்துல எங்க முதலாளி மவன் இதே மாதிரி பாட்டுப் பொட்டியைச் சொருகிட்டு, ஆட்டோட நடு ரோட்டுல கெடந்தோம்.” அவர் பிள்ளையாரைப் பார்த்தார். “இவரை யாரு இங்க ஒட்டுனது?”

“வீட்டுல.”

“சரி. வெளியில சொல்லிட்டியா, பியூஸுன்னு?”

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தரும் கேக்கல.”

“நல்லதாப் போச்சு. இனிமே சொல்லாத.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் வண்டிக் கண்ணாடியில் தெரிந்த தன் வீட்டு வாசலைப் பார்த்தபடி பேசினார். “உன் நாத்து மஞ்சளடிச்சு நிக்கிறதைத் தெனமும் பாத்துட்டுத்தான் போறேன். பாக்க சகிக்கல. உனக்காக மடையைத் தெறந்தேன்னா உங்க அண்ணி எனக்குச் சோறு போட மாட்டா. ஊருல இருக்கிறவனும் குவைத்துக்காரன் பயந்துட்டான்னு சொல்லுவான். அம்மாவுக்காகத் தெறந்தா, உங்க அண்ணியே மம்பட்டியை எடுத்துக் குடுப்பா. புரியுதா?”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அன்றைக்கு முழுக்க அந்தத் தெருவில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். எவனும் சீந்தாத அந்த உண்மையை இப்போது நான் விழுங்கினால் என் வயலுக்குத் தண்ணீர் வரும். விழுங்குவதில் என்ன கஷ்டம் என்று தோன்றியது. கஷ்டம் உடனே வந்தது.

ஏனென்றால் அந்த நேரம் பார்த்து நாட்டாமைக்கு ஞானம் பிறந்துவிட்டது. போனில் யாரிடமோ பேசி முடித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

“எம் மாப்பிள்ளைகிட்ட கேட்டேன் தம்பி. கோயமுத்தூர்ல வண்டி கம்பெனியில இருக்காரு. அவரும் பியூஸாத்தான் இருக்கும்ங்கிறாரு. நீங்களும் அதைத்தானே சொன்னீங்க? மாட்டிப் பாத்துடலாமா?”

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. அண்ணன் பிள்ளையாரைப் பார்த்தார். என் மனைவி, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தாள்.

“அது வந்துங்க,” என்றேன். “பியூஸுதான்னு நானும் முதல்ல நெனச்சேன்.”

“இப்ப இல்லைங்கிறீங்களா?”

“நீங்களே சொன்னீங்களே. அந்தச் சின்ன சாமானுக்காகவா இவ்வளவு பெரிய வண்டி நிக்கும்?”

நாட்டாமை தன் வார்த்தையைத் தானே கேட்டு, அதன் கனத்தை எடை போட்டு, தலையசைத்தார். “அதானே. மாப்பிள்ளைக்கு என்ன தெரியும், வயசுப் பையன்.”

அண்ணன் வாசல்படியில் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்துச் சொன்னார். “ஆத்தா எதுக்கு நிக்கிறான்னு எனக்குத் தெரியும். யாரும் சொல்ல வேணாம். நான் மனுசனுக்குப் பணியல. அவளுக்குப் பணியறேன். ஏ, அந்த மம்பட்டியை எடு.”

அண்ணி எடுத்துக் கொடுத்தார். கண்ணெல்லாம் தண்ணீர். கொல்லைப்புறமாக வயலுக்குப் போன அண்ணனுக்குப் பின்னால் பாதி ஊர் போனது. நாதஸ்வரக்காரரும் போனார், மடை திறக்கும்போது வாசிப்பதற்கு. மீதிப் பேர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து சீரியல் செட்டின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேடியோவின் பியூஸை எடுத்துப் பிரேக் லைட்டுக்குப் போட்டேன். வியர்வையில் இரண்டு தடவை கை நழுவிற்று. திருடனுக்குக்கூட இவ்வளவு படபடப்பு இருக்காது. அவனாவது வேறொருவன் வண்டியில் கை வைக்கிறான்.

அண்ணன் முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார். பின்னால் வந்தவர்கள் முகத்தைப் பார்த்தாலே தண்ணீர் பாய்ந்துவிட்டது தெரிந்தது. பூசாரி மறுபடி சூடம் ஏற்றினார். நான் பிரேக்கை மிதித்துக் கம்பியை இழுத்தேன். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. வண்டி நகர்ந்ததும் எழுந்த குலவைச் சத்தத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. காரணம் கையிலேயே இருந்தும் சிலிர்த்தது என்பதுதான் எரிச்சல்.

தெருமுனையில் மைக் செட்காரர் கூடவே ஓடிவந்தார். “சார், லைட்டு எரியலையே.”

“அம்மாவுக்குப் பிடிக்கல,” என்றேன்.

நாற்று பிழைத்தது. நடவும் ஆயிற்று. ஆனால் அந்த மாதத்தோடு என் நிம்மதி போயிற்று. வண்டியைக் கண்டால் ஆட்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள். உரக்கடையில் யூரியா ஏற்றுகிறவர் பின்பக்கக் கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மூட்டையை வைக்கிறார். பக்கத்து ஊரில் ஒருவர், மருமகள் வீட்டோடு ஏதோ மனஸ்தாபமாம், வண்டியை ஒரு நாள் கொண்டுவந்து அவர்கள் வாசலில் சும்மா நிறுத்திவிட்டுப் போக முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். கருகிய பியூஸை என் மனைவி மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். “இது வெறும் பியூஸும்மா, உனக்கே தெரியும்” என்றேன். “தெரியும்ங்க. இருக்கட்டும், அதுவும் உழைச்சிருக்குல்ல” என்றாள்.

அண்ணன் மறுபடி பேசுவதை நிறுத்திவிட்டார். மடை திறந்தது அம்மனுக்காக, எனக்காக அல்ல. அதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. வரப்பில் போன ஒரு முழம் அப்படியே நிற்கிறது. வழியில் பார்த்தால் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பேன்.

போன வாரம் மட்டும், ஆள் நடமாட்டமில்லாத வாய்க்கால் பாலத்தில், கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

“அந்தப் பழைய பியூஸைத் தூக்கிப் போட்டுட்டியா?”

“இல்லண்ணே. பூஜை அலமாரியில இருக்கு.”

“பத்திரமா வெச்சிரு,” என்றார். “வரப்பு விஷயம் இன்னும் பாக்கி இருக்குல்ல.”